ஆன்லைன் போக்கருக்கு டெஸ்க்டாப் வாங்குவது எப்படி? ஒன்டாரியோவில் இருப்பவருக்கான முழு வழிகாட்டி

கடைக்குப் போய் "போக்கர் ஆட ஒரு கம்ப்யூட்டர் வேண்டும்" என்று சொல்லிப் பாருங்கள். "கேமா? அப்போ இதைப் பாருங்க" என்று, பக்கவாட்டில் கண்ணாடி வைத்து உள்ளே கலர் லைட் மினுக்கும் ஒரு பெட்டியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அந்தப் பெட்டியின் விலையில் பெரிய பங்கு கிராபிக்ஸ் கார்டுக்குப் போகிறது. போக்கர் அந்தக் கார்டைத் தொடக்கூடத் தொடாது. சீட்டு விழுவதும் சிப் நகர்வதும் பத்து வருடப் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரின் உள்கட்டமைப்பு கிராபிக்ஸுக்கே எளிய வேலை.

இதற்கு என்னிடம் உள்ள பெரிய ஆதாரம் 2019-இல் வந்த புளூரிபஸ். கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் பேஸ்புக்கும் சேர்ந்து செய்த இந்த நிரல் ஆறு பேர் ஆடும் நோ லிமிட் ஹோல்டெம் (பந்தயத்துக்கு உச்சவரம்பில்லாத போக்கர் வகை) ஆட்டத்தில் உலகத்தரமான தொழில்முறை ஆட்டக்காரர்களையே வென்றது. அது ஆடும்போது பயன்படுத்தியது இரண்டு பிராசஸரும் 128 ஜிபிக்குள் அடங்கும் நினைவகமும்தான், கிராபிக்ஸ் கார்டு ஒன்றுகூடக் கிடையாது. மனிதரைத் தோற்கடித்த எந்திரத்துக்கே தேவைப்படாத கார்டு, சனிக்கிழமை ராத்திரி ஒரே நேரத்தில் நாலு டேபிள், அதாவது திரையில் நாலு ஆட்ட ஜன்னல், திறந்து ஆடுகிற நமக்கு எதற்கு?

அப்படியானால் காசை எங்கே போடுவது? திரையில், அறுந்து போகாத இணைய இணைப்பில், கரண்ட் போனாலும் தாங்கும் ஏற்பாட்டில், பாதுகாப்பில். முக்கியத்துவத்தின் வரிசையும் ஏறக்குறைய அதுதான். சிபியு பெட்டி அவற்றுக்குப் பிறகுதான். இனி ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம்.

படி 1: உங்கள் ஊரில் ஆடலாமா?

கம்ப்யூட்டர் விஷயத்தில் சட்டம் எதற்கு என்று தோன்றும். ஆனால் எந்த வன்பொருள் வேண்டும் என்பதையே அது ஓரளவு தீர்மானிக்கிறது, பின்னால் இணைய இணைப்பைப் பற்றிப் பேசும்போது புரியும்.

இந்த வழிகாட்டி கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், அதாவது டொராண்டோ, பிராம்டன், மிசிசாகா, ஒட்டாவா பக்கம் இருப்பவரை மனதில் வைத்து எழுதியது. அங்கே 2022 ஏப்ரல் 4 முதல் தனியார் தளங்களுக்கு உரிமம் கொடுத்து ஒழுங்குபடுத்தப்பட்ட சந்தை நடக்கிறது, 19 வயது நிரம்பியிருக்க வேண்டும், ஆடும்போது உடலோடு மாகாண எல்லைக்குள் இருக்க வேண்டும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு நிலைமை வேறு. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மி, போக்கர் இரண்டும் திறமை விளையாட்டுகள், தமிழ்நாட்டின் தடைச் சட்டம் அவற்றுக்குப் பொருந்தாது என்று சொன்னதை வைத்துப் பலர் இன்னும் வாதாடுகிறார்கள். ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற அந்தப் பழைய வாதத்தையே ஓரம்கட்டிவிட்டு, பணம் கட்டி ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டங்களையும் தடை செய்கிறது. ஆகவே சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ இதைப் படிக்கிறவர்கள் விளையாட்டுக் காசில் ஆடவும், ஆட்டத்தைப் படிக்கவும் மட்டும் இதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். விபிஎன் (இருக்கும் இடத்தை மறைக்கும் இணைப்பு) போட்டு வெளிநாட்டுத் தளத்தில் ஆடும் யோசனை இருந்தால் இத்தோடு விட்டுவிடுங்கள். சட்டச் சிக்கல் ஒரு பக்கம், பிடிபட்டால் கணக்கில் இருக்கும் பணம் முடங்கும் என்பது இன்னொரு பக்கம்.

படி 2: நீங்கள் எந்த ரகம் என்று முடிவு செய்யுங்கள்

மூன்றே ரகம்தான். வாரத்தில் ஓரிரு நாள், ஒன்று அல்லது இரண்டு டேபிள் ஆடுகிறவர் முதல் ரகம். இவருக்கு உண்மையில் புது கம்ப்யூட்டரே வேண்டாம், வீட்டில் இருப்பது விண்டோஸ் 11 ஓடுகிற மெஷினாக இருந்தால் ஒரு நல்ல மானிட்டர் மட்டும் வாங்கினால் போதும்.

ஒழுங்காக நாலு முதல் ஆறு டேபிள் ஆடி, ஆடிய ஹேண்ட்களை (சீட்டு போட்டு முடியும் ஒவ்வொரு சுற்றும் ஒரு ஹேண்ட்) சேமித்து அலசுகிறவர் இரண்டாவது ரகம். இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி இவருக்குத்தான்.

வீட்டிலேயே சால்வர் ஓட்டிப் படிக்கிறவர் மூன்றாவது. சால்வர் என்றால் ஒரு குறிப்பிட்ட சூழலில் எந்தச் சீட்டை எவ்வளவு தடவை உயர்த்த வேண்டும், எப்போது மடிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் மென்பொருள். இவருக்கு மட்டும்தான் பலமான பெட்டி தேவை, அதற்குத் தனியாக ஒரு படி வைத்திருக்கிறேன்.

பன்னிரண்டு, பதினாறு டேபிள் ஆடும் ரகத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். ஒன்டாரியோ சந்தையைத் தொடங்கியபோதே, மாகாணத்துக்குள் இருப்பவர்கள் தங்களுக்குள் மட்டும் ஆடுகிற மாதிரி உலகத்திலிருந்து தனியாகப் பிரித்து வைத்தார்கள். ஆட்கள் குறைவு, ஓடும் டேபிளும் குறைவு. போதாக்குறைக்குச் சில தளங்கள் ஒருவர் எத்தனை டேபிள் திறக்கலாம் என்று வரம்பும் வைக்கின்றன. 2008 வாக்கில் எழுதப்பட்ட பழைய வழிகாட்டிகளைப் படித்துவிட்டு மூன்று மானிட்டர் வாங்கப் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

படி 3: மானிட்டர்

இங்கேதான் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன், காரணம் ஆடும் நேரம் முழுக்க நீங்கள் பார்க்கப்போவது இதை மட்டும்தான்.

முதலில் பிக்சல் கணக்கு. ஒரு காலத்தில் போக்கர்ஸ்டார்ஸ் என்ற தளத்தில் டேபிளின் இயல்பான அளவு 792 x 546 பிக்சல். அதை அப்படியே இரண்டுக்கு இரண்டாக அடுக்கினால் 1584 x 1092 வருகிறது. அந்தக் காலத்தில் எல்லோரும் 1600 x 1200 மானிட்டரைத் தேடி அலைந்ததற்கு இதுதான் காரணம், நாலு டேபிள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் கச்சிதமாக உட்காரும். இப்போது டேபிளின் அளவை இஷ்டத்துக்கு மாற்றலாம், ஆனால் அந்த அளவு இன்றும் நல்ல அளவுகோல்தான்: அதைவிடச் சிறிதானால் சிப் எண்ணிக்கை படிக்கக் கண் வலிக்கும்.

சாதாரண 1920 x 1080 திரையில் விண்டோஸ் 11-இன் டாஸ்க்பார் கீழே 48 பிக்சல் எடுத்துக்கொள்ளும். மீதி 1032, அதை இரண்டாகப் பிரித்தால் ஒரு டேபிளுக்கு 516 உயரம், அதே விகிதத்தில் அகலம் 750-க்குக் கொஞ்சம் குறைவு. ஆக நாலு டேபிள் பழைய அளவைவிடச் சற்றே சுருங்கி உட்காரும். பரவாயில்லை, ஆடலாம். ஆனால் நாலையும் போட்டபிறகு லாபியை (டேபிள்களைத் தேர்ந்தெடுக்கும் முகப்பு ஜன்னல்) பார்க்கவோ குறிப்பு எழுதவோ இடமே இருக்காது.

2560 x 1440 திரைக்கு மாறினால் கதையே வேறு. மூன்றுக்கு இரண்டாக ஆறு டேபிள், ஒவ்வொன்றும் 850 பிக்சல் அகலத்தில், மேலே கீழே இன்னும் இடம் மிச்சம். நாலு மட்டும் ஆடினால் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிக்கொண்டு மூன்றாவது பத்தியில் லாபி, குறிப்பு எல்லாம் வைக்கலாம். 27 அங்குலத்தில் இந்தத் தெளிவுத்திறன் வாங்கினால் எழுத்து ரொம்பச் சின்னதாகவும் தெரியாது, பெரிதாக்கும் அமைப்பு எதுவும் தேவைப்படாது. யாராவது என்னிடம் ஒரே வரியில் பதில் கேட்டால், 27 அங்குலம், 1440பி (அதாவது 2560 x 1440), எந்தக் கோணத்தில் பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாத ஐபிஎஸ் திரை என்பேன், அவ்வளவுதான்.

4கே வாங்கலாமே என்பார்கள். 27 அங்குலத்தில் 4கே வாங்கினால் எழுத்துகள் எறும்பு அளவுக்குப் போய்விடும், வேறு வழியில்லாமல் விண்டோஸில் 150 சதவீதம் பெரிதாக்குவீர்கள், அப்படிச் செய்ததும் வேலை செய்யும் இடம் மறுபடியும் 2560 x 1440-க்கே வந்து நிற்கும். எழுத்து கூர்மையாகத் தெரியும், உண்மைதான், டேபிள் எண்ணிக்கை கூடாது. 4கே-யின் முழுப் பலன் வேண்டுமானால் 40 அங்குலத்துக்கு மேல் போக வேண்டும், அப்போது மேஜைக்கும் அதற்கேற்ற ஆழம் வேண்டும், இல்லையென்றால் டென்னிஸ் பார்ப்பது போலத் தலையை இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அகலத் திரை, அதாவது 3440 x 1440, போக்கருக்கு நிஜமாகவே பொருந்துகிற ஒன்று. நாலு பத்தி, இரண்டு வரிசை என எட்டு டேபிள் போடலாம். அல்லது ஆறு டேபிளும் ஒரு முழுப் பத்தி லாபியும். விலை அதிகம், தள்ளுபடியில் கிடைத்தால் யோசிக்கலாம்.

திரையின் வகையில் பழைய டிஎன் திரையைத் தவிருங்கள். நேராகப் பார்க்கும்போது சரியாகத் தெரியும், மேல் ஓரத்து டேபிளைப் பார்க்கும்போது நிறம் வெளிறும். நாலு நிறச் சீட்டு வைத்து ஆடுகிறவர்களுக்கு, அதாவது ஸ்பேடு கறுப்பு, ஆர்ட்டின் சிவப்பு, டைமண்ட் நீலம், கிளாவர் பச்சை என்று வைத்திருப்பவர்களுக்கு, இது தொந்தரவு. (இன்னும் இரண்டு நிறத்தில் ஆடுகிறீர்களா? இன்றைக்கே மாற்றுங்கள், ஐந்து சீட்டும் ஒரே சின்னமாகச் சேரும் ஃபிளஷ் வந்ததைக் கவனிக்காமல் விடுவது பாதி குறையும்.) பளபளப்பான திரை வேண்டாம், மேட் போதும். 144, 240 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருப்பதற்குக் கூடுதலாக ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள், 60 ஹெர்ட்ஸே தாராளம். உயரத்தை ஏற்றி இறக்கும் ஸ்டாண்டு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்க வேண்டும், நாலு மணி நேர டோர்னமென்ட் முடிந்து எழுந்திருக்கும்போது கழுத்துக்கு வித்தியாசம் தெரியும்.

படி 4: பெட்டி

புதியது வாங்க வேண்டிய அவசியமே இல்லை. அலுவலகங்களில் மூன்று நாலு வருடம் ஓடிவிட்டுக் குத்தகை முடிந்து வெளியே வரும் டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் பெட்டிகள் போக்கருக்கென்றே செய்தது போல இருக்கும்: சத்தம் குறைவு, மின்சாரம் குறைவு, மானிட்டருக்குப் பின்னாலேயே மாட்டிவிடும் அளவுக்குச் சின்னது. புதுப்பித்து விற்கும் கடைகளில் உத்தரவாதத்தோடு கிடைக்கும்.

ஒரே ஒரு கண்ணி இருக்கிறது, அதில் மாட்டிக்கொள்ளாதீர்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஓட வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சம் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர், ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசையில் பெரும்பாலானவை அல்லது அதற்குப் பிந்தையது. இதனால் ஏழாம் தலைமுறைப் பெட்டிகளைச் சந்தையில் மலிவாகத் தள்ளிவிடுகிறார்கள். பார்ப்பதற்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், பெயரில்தான் வித்தியாசம். ஆப்டிபிளெக்ஸ் 7050 ஏழாம் தலைமுறை, வேண்டாம். 7060 எட்டாம் தலைமுறை, வாங்கலாம். எலைட்டெஸ்க் 800-இல் ஜி3 வேண்டாம், ஜி4 சரி. திங்க்சென்டரில் எம்710, எம்910 வேண்டாம், எம்720, எம்920 சரி. விற்பவர் "விண்டோஸ் 11 போட்டுத் தருகிறேன்" என்று சொன்னால் அதை நம்பாமல் பிராசஸர் எண்ணைக் கேளுங்கள், ஆதரிக்காத மெஷினிலும் சுற்றி வளைத்து அதைப் போட்டுவிட முடியும், பிறகு அப்டேட் வராமல் அவதிப்படுவது நீங்கள்தான். ஐ5-8500 என்று இருந்தால் ஆறு கோர், இரண்டாவது ரகத்துக்கு அதுவே மிகை.

ரேம் 8 ஜிபியில் ஓடும், 16 ஜிபி நிம்மதி. ஒரே 16-ஐவிட இரண்டு 8 போடுவது நல்லது, உள்கட்டமைப்பு கிராபிக்ஸ் அதே ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது என்பதால் இரண்டு வழியாகப் போனால் வேகம் கூடும்.

எஸ்எஸ்டி விஷயத்தில் சமரசம் கூடாது. ஹேண்ட்களை அலசும் மென்பொருள்களான போக்கர் ட்ராக்கர் 4, ஹோல்டெம் மேனேஜர் 3 இரண்டுமே பின்னணியில் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தைத்தான் ஓட்டுகின்றன. நீங்கள் ஆடிய லட்சக்கணக்கான ஹேண்ட்களை அதில் போட்டுவைத்து, எதிராளி எப்படி ஆடுகிறார் என்ற எண்களைத் தேடி எடுத்து டேபிளின் மேலேயே காட்டுகின்றன. பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கில் இந்தத் தேடல் ஆமை வேகத்தில் நடக்கும், டேபிளில் எண் வந்து நிற்பதற்குள் ஹேண்டே முடிந்துவிடும். 500 ஜிபி எஸ்எஸ்டி போதும். ஆனால் இந்த மென்பொருள்களை வாங்கும் முன் நீங்கள் ஆடப்போகும் தளம் அவற்றை அனுமதிக்கிறதா என்று அதன் விதிகளில் பாருங்கள், பல தளங்கள் இப்போது வெளி மென்பொருளைத் தடுத்துவிட்டுத் தங்களுடைய சொந்தப் புள்ளிவிவரங்களை மட்டும் காட்டுகின்றன. உங்கள் தளம் அந்த ரகம் என்றால் இன்டெல் என்100 என்ற எளிய பிராசஸர் போட்ட மிக மலிவான மினி பிசிகூட வேலையை முடித்துவிடும்.

புதிதாகத்தான் வாங்குவேன், பாகம் பாகமாகச் சேர்ப்பேன் என்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இன்டெல் பிராசஸர் பெயரின் கடைசியில் எஃப் என்று இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, ஏஎம்டி ரைசன் 5000 வரிசை டெஸ்க்டாப் பிராசஸர்களில் ஜி என்று முடிபவற்றுக்கு மட்டும்தான் உண்டு. பத்து இருபது டாலர் மிச்சம் என்று எஃப் வாங்கிவிட்டு, படம் வராமல், கடைசியில் தனியாக கிராபிக்ஸ் கார்டு வாங்க வேண்டி வரும்.

மானிட்டர் இணைப்பையும் பாருங்கள். எட்டாம் தலைமுறைப் பெட்டிகளில் எச்டிஎம்ஐ வழியாக 4கே இணைத்தால் பெரும்பாலும் நொடிக்கு 30 சட்டகம்தான் வரும், மவுஸ் நகர்வதே இழுக்கும். டிஸ்ப்ளேபோர்ட் வழியாக இணைத்தால் 60 வரும். 1440பி திரைக்கும் டிஸ்ப்ளேபோர்ட் கேபிளே உத்தமம்.

மேக் மினி? போக்கர் தளங்கள் பலவற்றுக்கு மேக் செயலி உண்டு, போக்கர் ட்ராக்கருக்கும் உண்டு. ஹோல்டெம் மேனேஜருக்கும், பயோசால்வர் என்ற சால்வருக்கும் கிடையாது. ஏற்கெனவே வைத்திருந்தால் ஆடுங்கள், இதற்காகவே புதிதாக வாங்க வேண்டாம்.

படி 5: சால்வர் ஓட்டுகிறவர்கள் மட்டும்

பயோசால்வர் போன்றவை முழுக்க முழுக்க பிராசஸரையும் ரேமையும் தின்பவை, கிராபிக்ஸ் கார்டை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ரேம் எவ்வளவு வேண்டும் என்பது நீங்கள் கட்டும் மரத்தை, அதாவது யார் எப்போது எவ்வளவு பந்தயம் கட்டலாம் என்ற கிளைகளை, பொறுத்தது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே ஒரு பந்தய அளவு வைத்தால் சில ஜிபியில் முடியும், மூன்று நாலு அளவு சேர்த்தால் பல மடங்காக வீங்கும், ரேம் போதவில்லை என்றால் கணக்கு தொடங்கவே தொடங்காது. ஃபிளாப்புக்கு (முதல் மூன்று பொதுச் சீட்டு விழுவதற்கு) பிந்தைய சூழல்களை மட்டும் படிப்பதாக இருந்தால் 32 ஜிபி நல்ல தொடக்கம், 64 இருந்தால் யோசிக்காமல் மரம் கட்டலாம். எட்டு கோருக்கு மேல் உள்ள பிராசஸர் எடுங்கள், நல்ல கூலர் போடுங்கள், ஏனென்றால் மணிக்கணக்கில் நூறு சதவீதத்தில் ஓடும். இந்த ரகத்துக்கு அந்தச் சின்ன ஆபீஸ் பெட்டி சரிப்படாது, சூட்டில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஆனால் வாங்கும் முன் ஒரு மாதம் ஜிடிஓ விசார்ட் மாதிரி பிரவுசரில் ஓடும் சேவை ஒன்றைப் பயன்படுத்திப் பாருங்கள். கணக்கை ஏற்கெனவே போட்டுவைத்து விடையை மட்டும் காட்டுகிறார்கள், உங்கள் மெஷினுக்குச் சுமை எதுவும் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும் என்பது என் கருத்து. சொந்த சால்வர் வாங்கியவர்களில் நிறையப் பேர் முதல் இரண்டு வாரம் ஓட்டிவிட்டு அப்புறம் தொடுவதே இல்லை.

ஆடும்போது பக்கத்தில் சால்வரைத் திறந்து வைக்கக் கூடாது. எல்லா முக்கியத் தளங்களும் நேரடி உதவியைத் தடை செய்துள்ளன, என்னென்ன செயலி ஓடுகிறது என்று உங்கள் கம்ப்யூட்டரைச் சோதிக்கவும் செய்கின்றன. ஆடும் மெஷினும் படிக்கும் மெஷினும் வேறு வேறாக இருந்தால் வீண் சந்தேகமே வராது.

படி 6: மவுஸ், கீபோர்டு

கையில் பொருந்தும் கம்பி மவுஸ், சுருள் சக்கரம் சீராகச் சுற்றுவதாக இருக்கட்டும். பல தளங்களில் பந்தயத் தொகையை அந்தச் சக்கரத்தால்தான் ஏற்றி இறக்குவீர்கள், அது துள்ளினால் 30 போட நினைத்து 300 போடுவீர்கள். பேட்டரி மவுஸ் ஆட்டத்தின் நடுவில்தான் சாகும். கீபோர்டு எதுவானாலும் சரி.

படி 7: இணையமும் இடச் சரிபார்ப்பும்

வேகம் முக்கியமில்லை. போக்கர் மிகக் குறைந்த டேட்டாவில் ஓடும், கிகாபிட் திட்டத்துக்கு மாறுவதால் ஒரு பயனும் இல்லை. இணைப்பு நடுவில் அறாமல் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். கேஷ் கேமில் (எப்போது வேண்டுமானாலும் எழுந்துவிடக்கூடிய நிஜக் காசு ஆட்டம்) அறுந்தால் நேரம் முடிந்ததும் உங்கள் ஹேண்ட் மடிந்துவிடும், டோர்னமென்டில் நீங்கள் இல்லாமலே பிளைண்டு எனும் கட்டாயப் பந்தயம் உங்கள் சிப்பிலிருந்து கழிந்துகொண்டிருக்கும். அதனால் ரவுட்டரிலிருந்து கேட்6 நெட்வொர்க் கேபிள் இழுத்து நேராகப் பெட்டியில் செருகுங்கள்.

இங்கேதான் ஒன்டாரியோக்காரர்களுக்கு ஒரு விசித்திரமான சிக்கல். மாகாண எல்லைக்குள் இருக்கிறீர்களா என்று தளம் ஒரு இடச் சரிபார்ப்பு மென்பொருள் வழியாகச் சோதிக்கும். டெஸ்க்டாப்பில் ஜிபிஎஸ் கிடையாது, எனவே அந்த மென்பொருள் அக்கம்பக்கத்தில் தெரியும் வைஃபை சிக்னல்களை வைத்துத்தான் உங்கள் இடத்தைக் கணிக்கிறது. உங்கள் பெட்டியில் வைஃபை அடாப்டரே இல்லையென்றால் ஐபி முகவரியை மட்டும் நம்ப வேண்டி வரும், அது வேறு ஊரைக் காட்டினால் உள்ளே விடாது. ஒட்டாவாவில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் கியூபெக் இருக்கும் இடத்தில், இன்னும் தலைவலி. ஆக, கேபிளில் ஆடினாலும் வைஃபை அடாப்டர் இருக்க வேண்டும், அதை அணைக்காமலும் வைக்க வேண்டும். அலுவலகப் பெட்டிகள் பலவற்றில் வைஃபை இருக்காது, வாங்கும்போதே கேளுங்கள். இல்லையென்றால் யூஎஸ்பியில் செருகும் ஒரு மலிவான டாங்கிள் போதும்.

டீம்வியூவர், எனிடெஸ்க் மாதிரி தொலைவிலிருந்து இயக்கும் செயலிகளும், விபிஎன்னும், மெய்நிகர் கணினிகளும் இருந்தாலும் இதே சோதனை தடுத்துவிடும். அலுவலக வேலைக்கு விபிஎன் போட்ட கம்ப்யூட்டரில் போக்கர் ஆட நினைக்காதீர்கள், அதில் வேறு காரணங்களுக்காகவும் ஆடக் கூடாது.

மாற்று ஏற்பாடாக போன் ஹாட்ஸ்பாட்டை முன்பே ஒருமுறை இணைத்துக் கடவுச்சொல்லைச் சேமித்து வையுங்கள்.

படி 8: யூபிஎஸ்

தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு யூபிஎஸ் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் கனடா வந்ததும் அது தேவையில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம். 2013 டிசம்பர் பனிப்புயலில் டொராண்டோவில் மட்டும் சுமார் மூன்று லட்சம் இணைப்புகளுக்குக் கரண்ட் போனது, சில வீடுகளுக்குக் கிறிஸ்துமஸ் தாண்டியும் வரவில்லை. அந்த மாதிரிப் புயலுக்கு எந்த யூபிஎஸும் தாங்காது. நாம் பார்ப்பது அரை நிமிடம், இரண்டு நிமிடம் போய் வரும் கரண்டை.

600 விஏ திறனுள்ள, லைன் இன்டராக்டிவ் வகை யூபிஎஸ் ஒன்று போதும். சின்னப் பெட்டியும் 27 அங்குலத் திரையும் சேர்ந்து நூறு வாட்டுக்குள் அடங்குவதால் பத்து பதினைந்து நிமிடமாவது தாங்கும், கேஷ் டேபிளிலிருந்து எழுந்துவிட அது தாராளம். நிறையப் பேர் கம்ப்யூட்டரை மட்டும் யூபிஎஸ்ஸில் மாட்டிவிட்டு மோடத்தையும் ரவுட்டரையும் சுவரில் விட்டுவிடுகிறார்கள். கரண்ட் போனதும் திரை எரியும், இணையம் இருக்காது, உங்கள் ஹேண்ட் மடிவதை வெளிச்சத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். மூன்றையும் ஒன்றாக மாட்டுங்கள்.

படி 9: பாதுகாப்பு

2013 செப்டம்பரில் பார்சிலோனாவில் நடந்த ஐரோப்பிய போக்கர் டூர் போட்டிக்கு வந்த பின்லாந்து ஆட்டக்காரர் யென்ஸ் கில்லோனனின் லேப்டாப் ஹோட்டல் அறையிலிருந்து காணாமல் போய், கொஞ்ச நேரத்தில் திரும்பவும் அறைக்கே வந்துவிட்டது. சந்தேகப்பட்டு எஃப்-செக்யூர் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்திடம் கொடுத்துச் சோதித்தபோது, அவர் திரையை வேறொருவர் பார்க்க வழிசெய்யும் உளவு நிரல் அதில் இருந்தது. போக்கரில் உங்கள் இரண்டு சீட்டு எதிராளிக்குத் தெரிந்தால் போதும், வேறு எதையும் திருட வேண்டியதில்லை.

நமக்கு யார் அவ்வளவு மெனக்கெடப் போகிறார்கள் என்று விட முடியாது. 2015-இல் ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் அம்பலப்படுத்திய ஆட்லனார் என்ற உளவு நிரலின் கதை சாதாரண ஆட்டக்காரர்களைப் பற்றியது. போக்கர் கால்குலேட்டர், டோரன்ட் செயலி போன்றவற்றின் போலி நிறுவல் கோப்புகளுக்குள் ஒளிந்து வந்து, போக்கர்ஸ்டார்ஸ் ஜன்னலைப் படமெடுத்து அனுப்பிக்கொண்டிருந்தது. ஆகவே இந்தக் கம்ப்யூட்டரில் கிராக் செய்த மென்பொருள் எதுவும் வேண்டாம், டோரன்ட் வேண்டாம், பிள்ளைகளின் கேமும் அதில் சேர்க்கும் மாட் எனும் கூடுதல் நிரல்களும் வேண்டாம். பழைய பெட்டி வாங்கினால் விற்றவர் போட்டுக்கொடுத்த விண்டோஸை அப்படியே வைத்துக்கொள்ளாதீர்கள், மைக்ரோசாப்ட் தளத்திலிருந்து இறக்கி முழுதாக அழித்துப் புதிதாகப் போடுங்கள். அன்றாடக் கணக்குக்கு நிர்வாகி உரிமை தராதீர்கள். போக்கர் கணக்கு, அதனுடன் இணைந்த மின்னஞ்சல் இரண்டிலும் இரட்டைச் சரிபார்ப்பு போடுங்கள், மின்னஞ்சலை மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

ஹேண்ட் தரவுத்தளத்தை மாதம் ஒருமுறை வெளி டிஸ்க்கில் நகல் எடுங்கள். தானாக ஓடும் விண்டோஸ் அப்டேட், நீங்கள் ஆடும் நேரத்தில் மெஷினை மறுதொடக்கம் செய்யாதபடி செயல்படும் நேரத்தை அமைப்புகளில் மாற்றி வையுங்கள். ஸ்லீப் மோடும் அணைந்திருக்க வேண்டும்.

படி 10: பணத்தைப் பிரிப்பது, சோதிப்பது

கையில் ஆயிரம் கனடிய டாலர் இருந்தால் நான் இப்படிப் பிரிப்பேன்: மானிட்டருக்கு 400 வரை, புதுப்பித்த பெட்டிக்கு 300 முதல் 350, யூபிஎஸ்ஸுக்கு 100, மீதி கேபிள், மவுஸ், டாங்கிள், வெளி டிஸ்க். அறுநூறுதான் என்றால் பெட்டியில் குறைத்து மானிட்டரைக் காப்பாற்றுவேன். இந்தத் தொகை ஆடும் காசிலிருந்து தனியாக இருக்கட்டும், "ஜெயித்து எடுத்துக்கொள்ளலாம்" என்று கடன் அட்டையில் தேய்க்காதீர்கள். தளத்தில் கணக்கு திறக்கும் அன்றே டெபாசிட் வரம்பையும் போட்டுவிடுங்கள்.

எல்லாம் வந்து சேர்ந்ததும் பணம் கட்டும் முன் விளையாட்டுக் காசில் ஒரு சாயங்காலம் சோதியுங்கள். நீங்கள் ஆட நினைக்கும் அத்தனை டேபிளையும் ஒரே நேரத்தில் திறந்து இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரில் ரேம் எவ்வளவு போகிறது என்று பாருங்கள். இடச் சரிபார்ப்பு நிஜக் காசுப் பக்கத்தில்தான் ஓடும் என்பதால் அதற்குள் ஒருமுறை நுழைந்து, டெபாசிட் செய்யாமலே அது தேறுகிறதா என்று கவனியுங்கள். ரவுட்டரிலிருந்து கேபிளைப் பிடுங்கி, ஹாட்ஸ்பாட்டுக்கு மாற எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுங்கள். கடைசியாக யூபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிட்டு டேபிள் தொடர்ந்து ஓடுகிறதா என்று பாருங்கள். இதையெல்லாம் கடை திருப்பி எடுத்துக்கொள்ளும் கெடு முடிவதற்குள் செய்யுங்கள், ரசீதையும் அட்டைப் பெட்டிகளையும் அதுவரை தூக்கிப்போட வேண்டாம்.